குறி சொல்லும் மருந்துச்சீட்டு

நகச்சொத்தைக்கு நம்மூர் கிளினிக்குகள் பலவற்றில் நடக்கும் வைத்தியம் அரை நிமிட வேலை. கால் பெருவிரல் நகம் மஞ்சளாகி, தடித்து, ஓரத்தில் உதிர்கிறது. டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எட்டிப் பார்க்கிறார். "ஃபங்கஸ்" என்கிறார். டெர்பினஃபைன் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, 12 வாரம். அடுத்த பேஷன்ட் உள்ளே வந்தாயிற்று.

அவருக்கு எப்படித் தெரியும்?

உருக்குலைந்த நகங்களில் ஏறத்தாழ பாதிக்குத்தான் பூஞ்சை காரணம். மீதி சொரியாசிஸ், இறுக்கமான ஷூ, பழைய அடி, வயது என்று பலதும். நகத்தடியில் கறுப்பாகத் தெரிவது அபூர்வமாக மெலனோமா என்கிற புற்றுநோயாகவும் இருந்துவிடும். இதில் வெறுங்கண்ணை மட்டும் நம்பினால் தப்பு நடக்காமல் இருக்காது. நடந்தும் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. காரணம் நகத்திடமே இருக்கிறது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். பெருவிரலில் புதுநகம் முழுதாக வர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். தப்பு வெளியே வருவதற்குள் சீட்டும் தொலைந்திருக்கும், டாக்டரும் மாறியிருப்பார். 'குருப்பெயர்ச்சிக்குப் பிறகு சரியாகும்' என்கிற ஜோசியரைக் காப்பாற்றுவதும் இதே தாமதம்தான். சரியானால் பரிகாரம் பலித்தது. ஆகாவிட்டால் அங்கே பக்தி போதவில்லை; இங்கே மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை.

பார்க்க வழியில்லாமல் இல்லை. நகத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது பழைய, மலிவான வழி. (நுனியில் சுரண்டிப் பயனில்லை, நோய் முன்னேறும் உட்பக்கத்தில் சுரண்ட வேண்டும். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.) இப்போது கத்தியே படாத வழிகளும் வந்துவிட்டன. டெர்மோஸ்கோப் என்பது விளக்கு வைத்த கைப்பூதக்கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். நகம் சதையை விட்டுப் பிரிந்த இடத்தின் உள்விளிம்பில் அதை வைத்துப் பாருங்கள். அடிபட்ட நகமென்றால் விளிம்பு வழவழவென்று நேராக ஓடும். சொரியாசிஸ் என்றால் ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டை. பூஞ்சை என்றால் விளிம்பு ரம்பப் பல்லாகி, நகக்கண்ணை நோக்கி முட்களை நீட்டிக்கொண்டிருக்கும். நகத்தின் நீளவாக்கில் பூஞ்சை புகுந்து போன தடம் அது.

இதற்கும் மேலே, கண் ஆஸ்பத்திரிகளில் விழித்திரையைப் படமெடுக்கிற ஓசிடி இருக்கிறது. 1991-ல் எம்ஐடியைச் சேர்ந்தவர்கள் அறிவித்த நுட்பம். ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து நகத்தின் குறுக்குவெட்டையே காட்டிவிடும். கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் பூஞ்சை இழைகளையே வெளிச்சக் கோடுகளாகக் காட்டும். அதன் அடிப்படைக் கருத்துக்கு 1957-ல் காப்புரிமை கேட்டவர் மார்வின் மின்ஸ்கி, பின்னாளில் செயற்கை நுண்ணறிவால் பெயர் பெற்றவர்.

அதற்காகத் திரையில் தெரிகிற படத்துக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. இழை இருக்கிறது என்று காட்டும் படம், அது எந்த இனம் என்று சொல்லாது, உயிரோடு இருக்கிறதா செத்துக் கிடக்கிறதா என்றும் சொல்லாது. மருந்து வேலை செய்து முடித்த பிறகும் செத்த இழை நகத்திலேயே கிடக்கலாம். அதைக் காட்டி 'இன்னும் இருக்கிறது, இன்னொரு கோர்ஸ்' என்றால், லட்ச ரூபாய் மெஷினும் மை போட்டுப் பார்க்கிற வெற்றிலையும் ஒன்றுதான்.

பூஞ்சை என்று உறுதியாகாமல் நகத்துக்கு உள்மருந்து கொடுக்காதீர்கள் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2013-லேயே சொன்னது. மறுப்பும் வந்தது: சோதனைச் செலவை விட டெர்பினஃபைன் மலிவு, நேரடியாகக் கொடுத்துவிடுவதே லாபம் என்று 2016-ல் அங்கேயே ஓர் ஆய்வு கணக்குக் காட்டியது. கணக்கு சரியாகவே இருக்கட்டும். இல்லாத நோய்க்கு ஒருவர் மூன்று மாதம் மாத்திரை விழுங்குவது அதில் எந்தப் பத்தியில் வருகிறது? அந்தக் கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு: டெர்பினஃபைனுக்கே அசையாத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-ல் வைத்த பெயர் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. கண்டபடி மருந்து பயன்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம் என்று சந்தேகிக்கிறார்கள்.

டாக்டரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நழுவ முடியாது. "பார்த்தால் பூஞ்சை மாதிரி இருக்கிறது, ஆனால் நிச்சயமில்லை. சுரண்டி அனுப்புகிறேன், ரிசல்ட் வரட்டும்" என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? "இவருக்கு ஒண்ணும் தெரியலை, டெஸ்டுக்கு எழுதிக் காசு பிடுங்கப் பார்க்கிறார்" என்று வாசலிலேயே முணுமுணுத்துவிட்டு, ஆளைப் பார்த்ததுமே வியாதியைச் சொல்லிவிடுகிற கைராசிக்கார டாக்டர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று விசாரிக்கிறோம்.