வீடு ஒதுக்குதலும் விசுவாச வாழ்வும்

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளைத் தொகுத்துரைக்கும் தேசவழமை, ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டிலே சட்டவலுப் பெற்றது. ஒரு குடும்பத்தின் உடைமைகளை அது முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படுத்தும். முன்னோர் வழி வந்தது முதுசம். மகளுக்கு மணக்காலத்திற் கொடுக்கப்பட்டது சீதனம். மணவாழ்விலே ஈட்டப்பட்டது தேடியதேட்டம். காணியும் நகையும் மட்டுமன்றி, உள்ளறை மூலையிற் கிடக்கும் செப்புக்குடமும் பெட்டகமுங்கூட இவற்றுள் ஒருவகையாகவே வீட்டினுள் வந்திருக்கும். ஒரு பொருள் எவ்வழி வந்தது, இனி எவரைச் சேரும் என்னும் வினாக்களுக்கு இப்பகுப்பு விடை தருகின்றது. அப்பொருள் எதன்பொருட்டு இவ்வீட்டில் இருக்கின்றது என்று சட்டம் கேட்பதில்லை. அது அறத்தின் வினா. வீட்டை ஒதுக்குதல் என்னும் எளிய செயல் கிறிஸ்தவ விசுவாசத்தின் வெளிப்பாடாக மாறுவது இவ்வினா எழும் இடத்திலேதான்.

வேண்டாத பொருள்களைக் களைந்து வீட்டை இலகுவாக்கும் முறை அண்மைக் காலத்தில் உலகெங்கும் பரவியுள்ளது. 2011ஆம் ஆண்டளவில் ஜப்பானில் வெளிவந்த மாரி கொண்டோவின் நூல் அதற்குப் பெரிதும் துணைசெய்தது. ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, அது மகிழ்ச்சி தருகின்றதா என வினவி, தருவதை வைத்துக்கொண்டு, தராததை நன்றியுடன் விடுக்குமாறு அவர் கூறுவர். பொருளை நன்றியோடு நோக்கும் அப்பண்பு போற்றத்தக்கது. ஆயின், இங்கு அளவுகோலாக அமைவது உடையவரின் உள்ளம். அலுமாரி நிறைந்த சேலைகள் யாவும் ஒருவருக்கு மகிழ்ச்சி தருமாயின், அவரிடம் இவ்வளவுகோல் மேலும் ஒன்றும் கேளாது. கிறிஸ்தவ நோக்கிலோ, பிறர் தேவை என்னும் வேறோர் அளவுகோல் உண்டு.

லூக்கா சுவிசேஷத்தில் வரும் செல்வன், விளைவு மிகுந்தபோது களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணினான். அவன் திருடியதாகவோ பொய்யுரைத்ததாகவோ அங்கு கூறப்படவில்லை. இடம் போதவில்லை என்பதே அவனது கவலை. கொள்வோர் வேறெவரும் உளரோ என அவன் சிந்திக்கவில்லை. அதுவே அவனது மதியீனம். 4ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த செசரியா நகரத்துப் பசிலியார் இவ்வுவமைக்கு உரைசெய்கையில், பெட்டியிற் பூட்டிய ஆடை ஆடையற்றவனுக்கு உரியதென்றும், அணியாமல் மக்கும் பாதணி வெறுங்காலனுக்கு உரியதென்றும் வாதிட்டார். இக்கருத்தின்படி, மிகையானதைக் கொடுப்பது தயவு அன்று. உரியவனிடம் திருப்பிச் சேர்த்தலாகும். தமிழ் வேதாகமம் வழங்கும் 'உக்கிராணக்காரன்' என்ற சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. உக்கிராணம் என்பது பண்டகசாலை. அதன் பொறுப்பாளன் பண்டங்களின் சொந்தக்காரன் அல்லன். உள்ளது இன்னதென அறிந்து, வேளையறிந்து அளந்து கொடுப்பதற்கு நியமிக்கப்பட்டவன். முதுசமும் சீதனமும் தேடியதேட்டமும் இந்நோக்கில் அடைக்கலப் பொருள் என்னும் ஒரே வகையாகிவிடுகின்றன.

நீர்வேலி போன்றதொரு கிராமத்தில் இக்கருத்தை முன்வைப்போர் ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். சைவ மரபு ஆழ வேரூன்றிய ஊர் அது. 19ஆம் நூற்றாண்டிலே மிஷனரிமாரின் போதனையை மறுத்து நூல் செய்த சங்கர பண்டிதர் அவ்வூரவர். அயலூராகிய கோப்பாயிலோ, அதே நூற்றாண்டில் சேர்ச் மிஷன் சங்கத்தார் கல்விப்பணி ஆற்றினர். பற்றறுத்தலைப் பல நூற்றாண்டுகளாகப் பேசிவரும் சமயத்தவர்க்கு இதிற் புதிதாகக் கூற யாது உண்டு என்பதே அம்மறுப்பு. உண்மையில், பற்றறுத்தல் கிறிஸ்தவத்தின் தனியுடைமை அன்று. கிறிஸ்தவரிடையேயும் முற்றத் துறந்தோர் உளர். 1928ஆம் ஆண்டில் தோமஸ் அடிகளார் தோலகட்டியிலே தொடங்கிய செபமாலைத் துறவியர் சபை அத்தகையது. ஆனால், வீடு ஒதுக்குதல் துறவியின் பிரச்சினை அன்று. பிள்ளைகளையும் முதியோரையும் பேணி, நாளைய தேவைக்கும் சேமித்து வாழும் இல்லறத்தாரின் பிரச்சினை. சகேயு தன் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. உடைமையிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், அநியாயமாய்ப் பெற்றதை நான்மடங்காகத் திருப்பவும் அவன் முடிவு செய்த அன்றே அவ்வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு கூறினார். இல்லறத்தார்க்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டியதில்லை.

இதனினும் வலிய மறுப்பு வரலாற்றிலிருந்து எழுகின்றது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளைவிட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். நீர்வேலியும் வலிகாமத்தைச் சேர்ந்ததே. கையிலும் சைக்கிளிலும் கொள்ளக்கூடியதே அன்று ஒரு குடும்பத்தின் முழு உடைமையாயிற்று. காணி உறுதியா, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழா, ஒரு பானை அரிசியா என்று சில நாழிகைக்குள் தெரிவு செய்ய நேர்ந்தவர்களிடம், பொருள்களைக் குறைத்து வாழுங்கள் எனப் போதிப்பது பொருந்துமா? பறிகொடுத்தல் துறத்தல் ஆகாது. துறவுக்குத் தெரிவுரிமை வேண்டும். இழப்பில் அது இல்லை. எல்லாவற்றையும் இழந்து மீண்ட ஒருவர் வெற்றுப் போத்தலையும் பழைய சாக்கையும் எறிய மனமின்றி வைத்திருப்பாராயின், அதனைப் பேராசை எனல் அநீதி. அது அச்சத்தின் எச்சம். மறைந்துபோன மகனின் சட்டையைப் பெட்டியில் வைத்திருக்கும் தாயிடம் அதனை வேறொருவருக்குக் கொடுக்குமாறு கேட்க எவர்க்கும் உரிமையில்லை. பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த பரிமளதைலத்தை இயேசுவின்மீது ஊற்றியபோது, அதனை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாம் என்றோரை அவர் கடிந்ததும் நினைவுகூரத்தக்கது. அன்பின்பொருட்டு வைத்திருத்தலுக்கும் சுவிசேஷத்தில் இடமுண்டு. ஆதலால், இந்த ஒழுக்கத்தை ஒருவர் தம் அலுமாரியில் மட்டுமே தொடங்கலாம். அயலாரின் பெட்டகத்தைத் திறந்து தீர்ப்புக் கூறுவது விசுவாசம் ஆகாது.

எனினும் காலம் மாறியுள்ளது. புலம்பெயர்ந்த உறவினர் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அனுப்பியவை பல வீடுகளில் நிறைந்துள்ளன. ஒருகாலத்து இன்மையின் அச்சம் இன்றைய மிகுதிக்குக் காவலாய் நிற்பதும் உண்டு. இவ்விடத்திலேதான் கொடுத்தலின் முறை ஆராயப்படல் வேண்டும். கிழிந்ததையும் உடைந்ததையும் வறியவரிடம் தள்ளிவிட்டுத் தருமம் செய்ததாக எண்ணுவது, ஊனமுற்ற விலங்கைப் பலியாகக் கொணர்ந்தோரை மல்கியா தீர்க்கதரிசி கண்டித்த அதே குற்றமாகும். பெறுபவர் நாணாது பயன்படுத்தக்கூடியதே கொடைக்குத் தகும். எஞ்சியதை வீட்டுக் கோடியிலே புதைப்பதும் எரிப்பதும் தீர்வாகா. வற்றாத ஆறில்லாத குடாநாட்டிற்குச் சுண்ணக்கற் பாறையில் தேங்கும் நிலத்தடி நீரே ஆதாரம். மண்ணிலிட்ட நஞ்சு மழையோடு இறங்கி அயலவரின் கிணற்றையும் அடையக்கூடும். ஒருவர் தம் வீட்டைத் தூய்மையாக்கி ஊரின் நீரைக் கெடுப்பாராயின், அங்கு அயலாரிடத்து அன்பு எங்கே?

யாழ்ப்பாணத்து வழக்கில் 'ஒதுக்குதல்' என்ற சொல் இருபொருள் உடையது. விலக்கி வைத்தல் ஒன்று. ஒருவருக்கென வேறாக எடுத்து வைத்தல் மற்றொன்று. விசுவாசம் முதற்பொருளை இரண்டாம் பொருளை நோக்கி நகர்த்துகின்றது. நீர்வேலித் தோட்டக்காரர் இதனைச் செயலளவில் நன்கறிவர். வாழையின் அடியிற் கிளைக்கும் குட்டிகள் அனைத்தையும் விட்டுவைத்தால் குலை சிறுக்கும். ஆதலின், அடுத்த பருவத்துக்கு வேண்டிய குட்டியை நிறுத்தி ஏனையவற்றைக் கிளப்புவர். கிளப்பிய நல்ல குட்டி குப்பைக்குப் போவதில்லை. மற்றொருவர் தோட்டத்துக் குழியிலே நாட்டப்படுகின்றது. தாய்வாழைக்கு மிகையானது அங்கே ஒரு குடும்பத்தின் விளைவாகின்றது. வீட்டுப் பொருளுக்கும் இதுவே நெறி. அலுமாரியில் எத்தனை தட்டுகள் வெறுமையாயின என்பதைக்கொண்டு இவ்வொழுக்கத்தை அளத்தல் இயலாது. அங்கிருந்து சென்றது எவர் வீட்டிற் பயன்படுகின்றது என்பதே அதன் அளவு.