பங்க் இசைக்கு ஆகம விதி எழுதியது யார்?

1980இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் சிலர் கூடி ஒரு பங்க் குழு ஆரம்பித்தார்கள். பெயர் பேட் ரிலிஜன். கெட்ட மதம் என்று பொருள். சிலுவையின் மேல், சாலையோரத் தடைப்பலகையில் இருப்பது போன்ற சிவப்புக் கோடு. அதுதான் சின்னம். பக்தி முற்றிய நாட்டில் இந்தத் துணிச்சலுக்குக் கைதட்ட ஆள் இருந்தது. 1983இல் அதே பிள்ளைகள் கீபோர்டை முன்னால் கொண்டுவந்து, வேகத்தைக் குறைத்து, 'இன்டு தி அன்நோன்' (தெரியாத இடத்துக்குள்) என்றொரு ஆல்பம் போட்டார்கள். கைதட்டியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழு கலைந்தது. மறுபடி கூடி வெளியிட்ட இசைத்தட்டுக்கு, 'தெரிந்த இடத்துக்கே திரும்பிவிட்டோம்' என்கிற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள். பிராயச்சித்தம் செய்தால்தானே ஊருக்குள் சேர்ப்பார்கள்!

கடவுளைக் கைவிட்டால் அங்கே குற்றமில்லை. கீபோர்டைத் தொட்டால் தீட்டு.

எது பங்க், எது பங்க் இல்லை என்று அரை நூற்றாண்டாகச் சண்டை நடக்கிறது. மூன்று கார்டு (சுரக்கூட்டு), இரண்டு நிமிடம், கத்தல் இருந்தால் அசல். முணுமுணுக்கிற மாதிரி ஒரு மெட்டு வந்துவிட்டால் போலி, பாப், வியாபாரம். எந்த அதிகாரியையும் நம்பாதே என்று பாடியவர்களின் பிள்ளைகள், இந்த விதியை யார் எழுதினார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்போம். பங்கின் மூலவர்கள் என்று எல்லோரும் கும்பிடுகிற ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1976இல் வந்தது. 14 பாடல்கள், அரை மணி நேரம்கூட ஓடாது. அந்தக் குழு பெயரை எங்கிருந்து எடுத்தது? பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி ஒரு காலத்தில் வைத்துக்கொண்ட புனைபெயரிலிருந்து. இனிய மெட்டுக்குப் பெயர்போன ஆளின் பெயரைத் தலையில் சுமந்துகொண்டுதான் பங்க் பிறந்திருக்கிறது. அறுபதுகளின் கடற்கரைப் பாட்டு, பெண்கள் குழுக்களின் காதல் பாட்டு எல்லாம் ரமோன்ஸ் இசைக்குள் அப்படியே கிடக்கின்றன, வேகத்தைத்தான் கூட்டினார்கள். அவர்கள் வாசித்த நியூயார்க்கின் சிபிஜிபி அரங்கைப் பாருங்கள். ஹில்லி கிறிஸ்டல் அதைத் திறந்தது நாட்டுப்புறப் பாணி இசைக்காக. கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். அதே மேடையில் வளர்ந்த டெலிவிஷன் குழுவின் 'மார்க்கீ மூன்' பாடல் சுமார் பத்து நிமிடம் ஓடுகிறது. லண்டனின் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவில் சாக்ஸபோன். தி கிளாஷ் தன் முதல் ஆல்பத்திலேயே, 1977இல், ஜமைக்காவின் ரெகே பாட்டு ஒன்றைப் பாடியது. கருவறைக்குள்ளேயே இத்தனை கலப்பு. பின்னால் வந்த பூசாரிகள்தான் கதவைச் சாத்தினார்கள்.

சரி, ஓசையை வைத்தே அளக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஸ்க்ரூட்ரைவர் என்று ஒரு குழு. 1977இல் பங்க் ஆல்பம் போட்டது. எண்பதுகளில் பச்சையான நாஜிக் குழுவாக மாறி, வெள்ளை இனவெறியைப் பாட்டாக விற்றது. வேகம், கத்தல், முரட்டுக் கிதார் எதற்கும் குறைவில்லை. மான்செஸ்டரின் பஸ்காக்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய 500 பவுண்டில் தாங்களே பாடல் பதிந்து, 1977 ஜனவரியில் தங்கள் சொந்த நிறுவனத்தின் பெயரிலேயே வெளியிட்டார்கள். கம்பெனிக்காரன் கதவைத் தட்டாமலும் இசைத்தட்டு போடலாம் என்று ஒரு தலைமுறைக்குக் காட்டியவர்கள். பின்னாளில் அதன் பாடகர் பீட் ஷெல்லி, தேன் போன்ற மெட்டில் காதல் பாட்டு எழுதினார். காதலிக்கப்படுவது ஆணா பெண்ணா என்று தெரியாதபடி, தெரிந்தே எழுதினார். எழுபதுகளின் இங்கிலாந்தில் அதற்குத் தேவைப்பட்ட நெஞ்சுரம், தொண்டை கிழியக் கத்துவதற்குத் தேவையில்லை. ஓசைக் கணக்குப்படி நாஜி உள்ளே, ஷெல்லி வாசலில்!

கிரீன் டே கதை இன்னும் வேடிக்கை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் கில்மன் தெரு 924 என்று ஒரு அரங்கு, தொண்டர்களே நடத்துவது. இனவெறி, பெண்ணிழிவு பாடும் குழுவுக்கு அங்கே இடமில்லை. பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட குழுவுக்கும் அப்போது மேடை கிடையாது. அங்கே வளர்ந்த கிரீன் டே பெரிய நிறுவனத்துக்குப் போய், 1994இல் 'டூக்கி' ஆல்பத்தைக் கோடிக்கணக்கில் விற்றது. கில்மன் கதவு சாத்தப்பட்டது. இதில் எனக்கு மறுப்பில்லை. காரணம் சொல்லி வைத்த விதி அது. கூடிப் பேசினால் தளர்த்தலாம். 2015இல் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் கிரீன் டே அங்கே வாசித்ததே அதற்குச் சாட்சி. ஆனால் வெளியே நின்ற பக்தகோடிகள் வேறொன்று சொன்னார்கள்: இவர்கள் மெட்டே பங்க் இல்லை என்றார்கள். 'வெல்கம் டு பாரடைஸ்' பாடல், சிறிய நிறுவனம் வெளியிட்ட முந்தைய ஆல்பத்திலும் இருக்கிறது, 'டூக்கி'யிலும் இருக்கிறது. அதே பாட்டு, அதே மெட்டு. முதல் தடவை அசலாக இருந்தது இரண்டாம் தடவை எப்படிப் போலியானது? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மெட்டு மாறுமா? பணத்தின் மேல் கோபம் என்றால் பணத்தைப் பேசு. மெட்டின் மேல் ஏன் பழி?

அப்படியானால் எவன் வேண்டுமானாலும் பங்க் என்று சொல்லிக்கொள்ளலாமா என்பார்கள். கூடாது. ஆனால் சோதிக்க வேண்டியது ஓசையை அல்ல, நடத்தையை. ஃபுகாசி என்ற பங்க் குழு பல ஆண்டுகள் நுழைவுச்சீட்டு விலையை ஐந்து டாலர் அளவில் வைத்திருந்தது. எந்த வயதினரும் வரலாம். அவர்கள் இசையை மூன்று கார்டுக்குள் அடைக்க முடியாது. இருந்தும் அவர்களை யாரும் வெளியே தள்ளத் துணியவில்லை. சீட்டு விலை என்ன, வாசலில் யாரை மறிக்கிறார்கள், பாட்டின் உரிமை யார் கையில் என்று கேட்டால் பதில் கிடைக்கும். இதற்கெல்லாம் விசாரிக்கிற உழைப்பு வேண்டும். காதையும் கண்ணையும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது சுலபம்.

கண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயைப் பாருங்கள். 2011 டிசம்பரில், அநாதைக் குழந்தைகளுக்கு நிதி திரட்ட நடந்த பங்க் கச்சேரியில் புகுந்த காவல்துறை அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்தது. தலையை மழித்து, குளத்தில் முக்கி, தொழவைத்து, 'திருத்துவதற்காக' முகாமில் வைத்தது. யார் அசல், யார் பாப் என்று அந்தக் காவலர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. முடியும் சங்கிலியும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன.

மெட்டை வைத்து ஆளை விலக்குகிறவர் அந்தக் காவலர் அளவுக்குக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருவர் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல். ஸ்க்ரூட்ரைவரை உள்ளே விட்டு பஸ்காக்ஸை வாசலில் நிறுத்தும் அளவுகோல் உங்களிடமும் இருந்தால், இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.