லிலி வந்த நான்கு சுவரொட்டிகள்

ஜப்பானிய சினிமா சுவரொட்டிகள் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும்: 51.5 சென்டிமீட்டர் அகலம், 72.8 சென்டிமீட்டர் உயரம். பி2 என்பார்கள். இயக்குநர் குரோசவாவின் படத்துக்கும் காட்ஜில்லாவுக்கும் சிரிப்புப் படத்துக்கும் அதே தாள்தான். ஏலத்தில் விலை ஏறுவது முதல் இரண்டுக்கு. டோக்கியோவில் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோ பகுதியில் தேடுகிறவர்களும் முதலில் அவற்றைத்தான் கேட்கிறார்கள். சிரிக்க வைத்த தாள்கள் அடுக்கின் அடியில் பொறுமையாக இருக்கின்றன. நான் சேர்ப்பது அவற்றைத்தான்.

*

சிரிப்புப் பட வரிசை ஒன்றின் நாயகன் தோரா-சான்; ஊர் ஊராகப் போய்த் திருவிழாக்களில் கடை விரிக்கும் வியாபாரி. தொப்பி, கட்டம்போட்ட கோட்டு, வயிற்றைச் சுற்றிய கம்பளிப் பட்டை, கையில் ஒரு பழைய பெட்டி. டோக்கியோவின் ஓரத்தில் ஷிபமாதாவில் சித்தப்பாவும் சித்தியும் அரிசிமாவு உருண்டை விற்கும் பலகாரக் கடை வைத்திருக்கிறார்கள். அங்கே வருவான், சண்டை போடுவான், ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுப்பான், அது கைகூடாது, மறுபடி கிளம்பிவிடுவான். கதை இவ்வளவுதான். 1969இல் இயக்குநர் யோஜி யமாடா தொடங்கிய இந்த வரிசையில் 1995 வரை 48 படங்கள் வந்தன. அத்தனையிலும் தோரா-சானாக நடித்தவர் கியோஷி அத்சுமிதான்.

நெடுங்காலம் ஆண்டுக்கு இரண்டு படம். முன்னோரை நினைக்கும் ஆகஸ்ட் மாத ஓபோன் நாட்களுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று. பண்டிகைக்கு வீடு திரும்புகிறவர்கள், வீடு தங்காத ஒருவனைப் பார்க்கத் தியேட்டருக்குப் போனார்கள்.

*

இந்த வரிசையில் என் மனம் அதிகம் தங்குவது நான்கு தாள்களில். நான்கிலும் நடிகை ரூரிகோ அசாவோகா இருக்கிறார். அவர் ஏற்ற லிலி, மதுக்கூடங்களில் பாடிப் பிழைக்கும் பாடகி. தோரா-சானைப் போலவே ஓரிடத்தில் நிற்காதவள். மற்ற நாயகிகள் பெரும்பாலும் ஒரு படத்தோடு போய்விட, லிலி திரும்பத் திரும்ப வந்தாள்: 1973, 1975, 1980, 1995.

முதலில் ஹொக்கைடோவின் வடகடலோரத்தில் சந்திக்கிறார்கள். மூன்றாவதில் ஒகினாவாவில் நோயுற்றுக் கிடக்கும் அவளைத் தேடி அவன் போகிறான். நான்காவதில், தெற்கே அமாமித் தீவுகளில், ஒரே வீட்டில் இருக்கிறார்கள். 1973இல் அசாவோகாவுக்கு 33 வயது, அத்சுமிக்கு 45. கடைசித் தாளில் அவருக்கு 55, இவருக்கு 67.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது சிரிப்பு காலத்தை மறைத்துவிடுகிறது. அதே கோட்டு, அதே பெட்டி, அதே சண்டை. நான்கு தாள்களையும் தரையில் பக்கம் பக்கமாக விரித்தால் 22 ஆண்டுகள் இரண்டு முகங்களில் தெரிகின்றன. வரிசையாகச் சேர்ப்பதன் பொருள் எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

*

பூதக்கண்ணாடியை அத்சுமியின் கன்னத்தில் வைக்கிறேன். முகம் மறைந்து புள்ளிகள் மட்டும் தெரிகின்றன. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு: ஆஃப்செட் அச்சின் நான்கு மைகள், கோணம் மாற்றி ஒன்றன்மேல் ஒன்று. கண்ணாடியை எடுத்தால் அவர் திரும்பி வந்துவிடுகிறார்.

நான்கு மூலைகளிலும் ஊசித் துளைகள். குறுக்கே ஒரு மடிப்பு. அங்கே மை உதிர்ந்து வெள்ளைக் கோடு. இவற்றைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். எங்கோ ஒரு சுவரில் இந்தத் தாள் வேலை பார்த்ததற்கு இவைதான் சாட்சி. படம் மாறியதும் கிழித்துப் போட வேண்டிய பொருள் இது. யாரோ ஒருவர் ஊசிகளைக் கவனமாகக் கழற்றி மடித்து வைத்திருக்கிறார். அவருக்கு நன்றி சொல்லாமல் நான் தாளை உறைக்குள் வைப்பதில்லை.

*

கடைசிப் படம் 1995 டிசம்பரில் வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் கோபே நகரம் நிலநடுக்கத்தில் இடிந்திருந்தது. அந்த நகரத்துக்கும் தோரா-சான் போகிறான். புற்றுநோய் முற்றிய உடம்போடு அத்சுமி நடித்தார். பல காட்சிகளில் உட்கார்ந்தபடியே பேசுகிறார். 1996 ஆகஸ்ட் 4 அன்று காலமானார். எத்தனையோ ஆண்டுகள் அவருடைய புதுப் படம் வெளிவந்த அதே மாதம்.

இது தெரிந்த பிறகு கடைசிச் சுவரொட்டியை வேகமாகப் புரட்ட முடிவதில்லை. ஊரைச் சிரிக்க வைக்க, வலியோடு ஒருவர் கடைசிவரை வேலை செய்திருக்கிறார். அதைவிடப் பெரிய மரியாதையை ஒரு கலைஞர் தன் பார்வையாளருக்குத் தர முடியாது.

*

சேர்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். 1980ஆம் ஆண்டுப் படம் 1997இல் சிறப்புப் பதிப்பாக மறுபடி திரைக்கு வந்தது. எந்த வெளியீட்டின் தாள் என்று கேட்டு வாங்குங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். லேமினேட் செய்யாதீர்கள். வெயில் படும் சுவரில் மாட்டினால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து முகங்கள் நீலமாகிவிடும். அமிலமில்லாத தாளுக்கு நடுவே, மடிக்காமல், தட்டையாக வையுங்கள்.

விலை ஏறும் என்று எதையும் வாங்க வேண்டாம். உங்களைச் சிரிக்க வைத்த ஒரு நடிகரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை, கிடைத்ததைக் கிடைத்த நிலையில் சேருங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாவற்றையும் வரிசையாக விரித்துப் பாருங்கள்.