மறதி குற்றமாமோ?

மலைநாட்டுப் பாடசாலைகளில் முப்பதாண்டு கற்பித்த யாம், சின்னாட்களுக்கு முன் அட்டன் கடைவீதியிற் பழைய மாணாக்கர் ஒருவரைக் கண்டேம். இப்போது அவர் லொறிச் சாரதி. நலம் வினவியபின் நகைத்து, "பதினாறாம் வாய்பாடு மறந்துபோச்சு சேர், உங்க பிரம்போட நுனி பிளந்திருந்தது மட்டும் மறக்கல" என்றார். குறைகூறும் எண்ணம் அவர்க்கு இல்லை. எமக்கோ அன்றிரவு உறக்கமில்லை.

மறந்தமைக்காக ஒரு குழந்தையை ஒறுத்தல் அறமாமோ? வேண்டுமென்று செய்ததன்றோ குற்றமாவது! ஆதலின் நினைவு நிலைபெறுமாற்றை முதற்கண் அறிதல் வேண்டும். 2000 ஆம் ஆண்டில் மருத்துவ நோபெற் பரிசை வேறிருவரோடு பகிர்ந்துகொண்ட எரிக் கண்டெல் என்பார், கடல்முயல் என்னும் நத்தையினப் பிராணியின் நரம்பணுக்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். ஒருமுறை தூண்டின், அணுக்கள் கூடுமிடத்து முன்னரே உள்ள புரதங்கள் சிறிது மாறும்; அந்நினைவு விரைவில் அழியும். இடைவிட்டுப் பலமுறை தூண்டின், அச்செய்தி அணுவின் கருவளவும் சென்று 'கிரெப்' என்னும் புரதத்தை எழுப்பும். அது மரபணுக்களை இயக்கும். புதுப் புரதங்கள் தோன்றிப் புதிய இணைப்புக்கள் வளரும். அப்புரத ஆக்கத்தை மருந்தாற் தடுப்பின், கற்றது சிறுபொழுது நிற்குமேயன்றி நெடுநாள் நில்லாது.

எனவே நினைவு என்பது விரும்பிய மாத்திரத்தில் வருவதன்று. உடம்பு செய்யும் கட்டடவேலை. அதற்குக் காலம் வேண்டும், உறக்கமும் வேண்டும். லயத்தின் ஒற்றையறையில் ஐவர் அறுவரோடு படுத்து, விடியுமுன் பெற்றோர் கொழுந்தெடுக்கப் புறப்படும் ஆரவாரத்திற் கண்விழிக்கும் பிள்ளை, முதல்நாட் பாடத்தை இழந்து வந்து நிற்குமாயின் அதன் பிழை யாது? அப்பிள்ளையைத்தான் யாம் அடித்தேம்.

அடியாத மாடு படியாது என்பர் நண்பர். யாமும் மிஷன் பள்ளியில் அடிபட்டே விவிலிய வசனங்களை உருப்போட்டேம், இன்றும் மறந்திலேம். ஆயின் அவற்றைக் காலையும் மாலையும் ஆண்டுக்கணக்கில் ஓதினேம் அல்லேமோ? ஓதலின் பயனைப் பிரம்பின் கணக்கில் எழுதிவிட்டேம். அச்சத்தின் வழி வேறு. மூளையின் உள்ளே அமிக்டலா என்னும் பகுதி, அச்சக்காலத்து உடம்பிற் சுரக்கும் அட்ரினலின் முதலியவற்றின் துணையால், ஒரே நிகழ்ச்சியையும் ஆழப் பதிப்பிக்க வல்லது. எதனைப் பதிப்பிக்கும்? வாய்பாட்டையன்று, பிரம்பை.

மடியினாற் படியாத பிள்ளையும் உண்டு, மறுக்கிலேம். ஆனால் மறந்த முகமும் மடிந்த முகமும் ஒன்றுபோலவே தோன்றும். முப்பதாண்டிலும் அவற்றைப் பிரித்தறிய யாம் கற்றிலேம்.

மற்றொன்றும் உண்டு. 2000 ஆம் ஆண்டில் நேடர் முதலியோர் எலிகளிடத்துக் கண்டது: நினைவுகூரப்பட்ட பழைய அச்சம் மீளவும் இளகிப் பின் மறுபடி புரதம் ஆக்கியே நிலைபெறுகின்றது. மனிதர்க்கு அஃது எவ்வளவிற் பொருந்தும் என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமித்திலர்.

அடுத்த ஞாயிறு அம்மாணாக்கரைத் தேடிச்சென்று, தேநீர்க்கடையில் இருத்தி, எம் பிழையைச் சொன்னேம். சிறிதுநேரம் கோப்பையையே நோக்கியிருந்தார். பின், "விடுங்க சேர்" என்று, எம் தேநீருக்கும் தாமே காசு கொடுத்துச் சென்றார்.