கடமையா, பயமா?

டிப்ளோமா முடித்தாயிற்று. பட்டப்படிப்புக்கு யுபியு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு பத்து பகாட். பாரிட் ராஜா யூடிஎச்எம் பக்கம்தான். ஆனால் மனசு கேட்டது நிபோங் திபாலில் யூஎஸ்எம்மின் வான்வெளிப் பொறியியல்.

"பக்கத்துலயே படிக்கிறேன்மா. வாரம் மூணு தடவ டயாலிசிஸ், யாரு கூட்டிட்டுப் போறது?"

"தங்கச்சிதான் லைசென்ஸ் எடுத்துட்டாளே. என்னைச் சாக்கு சொல்லாதடா."

சுருக்கென்றது. அந்தப் படிப்பில் தோற்றுவிடுவேனோ என்ற பயத்துக்குத்தான் கடமை என்று பெயர் வைத்திருந்தேன். பெற்றவளுக்காக வீட்டோடு இருப்பது உயர்ந்த விஷயம். ஆனால் பயந்து தங்கிவிட்டு, நாளைக்கு "உங்களாலதான்" என்று அம்மா மேல் பழி போட்டால் அது பாவமில்லையா?

நிபோங் திபாலை முதலில் போட்டேன். நண்பர்களே, விண்ணப்பம் நிரப்பும்போது நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: இதைத் தேர்ந்தெடுப்பது கடமையா, பயமா?