பீரோவும் திண்ணையும்

"அண்ணா, விண்டோஸ் போடப் போறியா இல்லையா?" ஆறு மாதமாகத் தம்பி கேட்கும் ஒரே கேள்வி.

என்னிடம் இருப்பது ஸ்டீம் டெக். 2022-இல் வால்வ் வெளியிட்ட, கையில் வைத்து விளையாடும் கணினி. ஆர்ச் லினக்ஸின் மேல் கட்டிய ஸ்டீம்ஓஎஸ் அதில் ஓடுகிறது. விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டுகளைப் புரோட்டான் என்ற மென்பொருள் அங்கே ஓடவைத்துவிடும். இறங்கும் ஸ்டாப் வந்ததும் பொத்தானைத் தட்டினால் தூங்கும். ராத்திரி மறுபடி தட்டினால், ஓங்கிய வாள் ஓங்கியபடியே இருக்கும். வேறென்ன வேண்டும்?

தம்பி வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கிறான். ஞாயிறு ராத்திரி சேர்ந்து ஆடும் ஆட்டம்தான் எங்களுக்குள் மிஞ்சியிருந்த பேச்சு. இப்போது அவன் ஆடும் விளையாட்டு லினக்ஸை உள்ளே விடாது. போங்காட்டத்தைப் பிடிக்கும் அதன் காவல் நிரல், கெர்னல் வரை இறங்க வேண்டும் என்கிறது. இயங்குதளத்தின் அடிவயிறு அது. அங்கே உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குத் தப்புவது அநேகமாக எதுவுமில்லை.

"மறைக்க உன்கிட்ட என்ன இருக்கு?" என்றான். கடைக்குள் போகும்போது பையை வெளியே வைக்கச் சொன்னால் வைக்கிறேன். வீட்டுக்கே வந்து பீரோவைத் திறந்து காட்டச் சொன்னால், உள்ளே வெறும் வேட்டிதான் இருந்தாலும், முடியாது என்பேன். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

சந்தேகம் வேறு இடத்தில். சுவருக்குப் பின்னால் நிற்பவனையும் காட்டிக்கொடுக்கும் நிரலோடு வந்த யாரோ ஒருவனிடம் தம்பி ஒரு மாதம் செத்துக்கொண்டே இருந்தான். அந்தக் காவலாளி அவனுக்குத் தேவை. 2024 அக்டோபர் கடைசியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸுக்குக் கதவைச் சாத்தியபோதும் சொன்ன காரணம் போங்காட்டம்தான். நான் கொள்கை பேசுகிறேன். ஞாயிறு ராத்திரி தனியாக உட்கார்ந்திருப்பது அவன்.

கொள்கையும் அப்படியொன்றும் சுத்தமில்லை. லினக்ஸ் திறந்த மூலம், சரி. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்டீம் கடை மூடியதுதான். காசு கொடுத்து நான் வாங்குவது விளையாட்டை அல்ல, வெறும் உரிமத்தை என்று 2024-லிருந்து அந்தக் கடையே பணம் கட்டும் இடத்தில் எழுதிவைத்திருக்கிறது. (கலிஃபோர்னியாவில் சட்டம் போட்ட பிறகுதான்.)

கடைசியில் ஒரு மெமரி கார்டு வாங்கினேன். விண்டோஸை அதில் மட்டும் போடலாம். என் கோப்பு எதுவும் அங்கே இருக்காது. வந்தவரைத் திண்ணையில் படுக்கவைப்பது மாதிரி. ஆனால் ராத்திரி கதவைத் தள்ளிப் பார்க்கமாட்டார் என்று எதை வைத்து நம்புவது? என் கோப்புகள் இருப்பதும் அதே பெட்டிக்குள்தானே.

நேற்று தம்பியிடமிருந்து மெசேஜ்: "ஞாயிறு?" "பாக்கலாம்டா" என்று அனுப்பினேன். கார்டு பிரிக்காமல் மேசைமேல் கிடக்கிறது.