அவசரம் எதுவரை நியாயமாகும்?

1991 நவம்பரில் ரஷ்யாவின் அரசுச் சொத்துக் குழுவுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டபோது அனதோலி சுபைஸுக்கு வயது 36. லெனின்கிராடில் பொருளியல் கற்பித்தவர். நாட்டளவிலான ஆட்சிப் பொறுப்புக்குப் புதியவர். எண்ணெய்க் கிணறு முதல் ரொட்டிக் கடை வரை ஏறக்குறைய எல்லாமே அரசுக்குச் சொந்தமாக இருந்த நாட்டில், எது யார் கைக்கு, என்ன விலைக்கு, எவ்வளவு விரைவில் போக வேண்டும் என்று வகுக்கும் வேலை அவரிடம் வந்து சேர்ந்தது. ஐந்தாண்டுகளில் அந்த வேலையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. அவர் செய்தது சரிதானா என்ற வழக்கு மட்டும் இன்றும் முடியவில்லை. அவரை வெறுப்பவர்கள் எல்லாவற்றையும் கொள்ளை என்கிறார்கள். ஆதரிப்பவர்கள் எல்லாவற்றுக்கும் வேறு வழியில்லை என்கிறார்கள். இருவருமே அந்தக் காலத்தை ஒற்றைச் செயலாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அதில் மூன்று தனித்தனி முடிவுகள் இருந்தன. அவற்றின் அறக் கனமும் ஒன்றல்ல.

வேறு வழியில்லை என்பது வலிமையான வாதம். கூரை பற்றி எரியும் வீட்டின் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறவரிடம் யாரைக் கேட்டு உடைத்தாய் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் ஆபத்தை ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால் அதன் பெயரால் எதையும் செய்யலாம் என்றாகிவிடும் என்பதால், இதைவிட எளிதாகத் திரிந்துபோகும் வாதமும் இல்லை. வினைத்தூய்மை அதிகாரத்தில் வள்ளுவர், பெற்ற தாயின் பசியைத் தீர்க்கவும்கூடப் பழிக்கத்தக்கதைச் செய்யலாகாது என்ற கடுமையான அளவுகோலை வைத்தார். ஒரு நாட்டையே சுமப்பவருக்கு இத்தனை கடுமை பொருந்தாது என்று தளர்த்திக்கொண்டாலும், மூன்று கேள்விகளைத் தவிர்க்க முடியாது. மாற்று வழி உண்மையிலேயே இல்லையா? இழக்கப்போகிறவர்களிடம் உண்மை சொல்லப்பட்டதா? முடிவெடுத்த தரப்புக்கு அதில் தனி ஆதாயம் இருந்ததா? அவசரத்தால் ஒரு செயல் நியாயமாகிறதா என்பதை இந்த மூன்றையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

முதல் முடிவு, அரசின் பொருளாதாரச் சீர்திருத்தத்தை நடத்திய, சுபைஸின் தோழர் யெகோர் கைதாருடையது. 1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான பண்டங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஓராண்டில் விலைகள் ஏறத்தாழ 26 மடங்காயின. வேலை செய்த காலமெல்லாம் சேமிப்பு வங்கியில் சேர்த்த தொகை சில மாதச் செலவுக்குக்கூடப் போதாமல் போயிற்று. முதியவர்கள் தெருவோரம் நின்று வீட்டுப் பொருள்களை விற்றார்கள். இந்தத் துன்பத்தைச் சிறிதாக்கிப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அதற்கு முந்தைய மாதங்களையும் பார்க்க வேண்டும். கடைகள் காலியாகக் கிடந்தன. அந்நியச் செலாவணிக் கையிருப்பு தீர்ந்துபோயிருந்தது. அரசு விலைக்குத் தானியம் தரப் பண்ணைகள் முன்வரவில்லை. ஆணையிட்டுப் பண்டங்களை நகர்த்திவந்த சோவியத் அரசே 1991 டிசம்பரில் கலைந்தது. மக்களின் சேமிப்புக்கு ஈடான சரக்கு நாட்டில் எப்போதோ இல்லாமல் போயிருந்தது. விலை உயர்வால் அந்த இழப்பு வெளியே தெரிந்தது. ஓராண்டுக்குள் நிலைமை சீராகும் என்று குடியரசுத் தலைவர் யெல்ட்சின் சொன்னது பொய்த்தது உண்மை. ஆனால் மாற்று வழி கைக்கெட்டும் தொலைவில் இல்லை. ஆதாயமும் கைதாருக்கு இல்லை. மக்களின் கோபத்தைத் தாங்கி, 1992 டிசம்பரில் பதவியை இழந்தார். அவருடைய முடிவை அவசரத்தின் பேரில் நியாயப்படுத்தலாம்.

இரண்டாவது, வவுச்சர்கள். 1992 அக்டோபர் முதல் குழந்தை, முதியவர் என்ற வேறுபாடின்றி 14 கோடிக்கும் மேற்பட்டோருக்கு 10,000 ரூபிள் முகமதிப்புள்ள தனியார்மய வவுச்சர் ஆளுக்கு ஒன்று வழங்கப்பட்டது. பொதுச்சொத்து எல்லோருக்கும் உரியது, ஆகவே எல்லோருக்கும் சம பங்கு என்ற கருத்து நேர்மையானது. அது நடைமுறைக்கு வந்த விதத்தில்தான் கோணல். ஒவ்வொருவர் பெயரிலும் கணக்குத் திறக்க 1991-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, பெயர் எழுதப்படாத, யாரும் யாருக்கும் விற்கக்கூடிய சீட்டு கொண்டுவரப்பட்டது. ஒரு வவுச்சர் காலப்போக்கில் இரண்டு வோல்கா கார்களின் மதிப்பைப் பெறும் என்று சுபைஸ் சொன்னார். பணவீக்கம் தின்றுகொண்டிருந்த அந்தத் தாளைச் சம்பளம் போதாத குடும்பங்கள் கிடைத்த விலைக்கு விற்றன. பலர் நம்பிக் கொடுத்த முதலீட்டு நிதிகள் வவுச்சர்களோடு மறைந்துபோயின. பெரும்பாலான ஆலைகளில் 51 சதவீதப் பங்கைத் தொழிலாளரும் நிர்வாகமும் எடுத்துக்கொள்ளும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. கட்டுப்பாடு பழைய இயக்குநர்கள் கையிலேயே நின்றது. இதற்குச் சுபைஸ் தரப்பிடம் ஒரு பதில் உண்டு, அது எளிதில் தள்ளத்தக்கதல்ல. அந்த இயக்குநர்கள் சட்டம் வருவதற்கு முன்பே ஆலைகளைத் துணை நிறுவனங்களின் பெயரில் விழுங்கத் தொடங்கியிருந்தார்கள். காத்திருந்தால் பங்கிட எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே விரைவைக் குறைசொல்ல முடியாது. உண்மை சொன்னாரா என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் விடை இல்லை. பங்குச் சந்தை என்றால் என்னவென்றே அறியாத மக்களிடம் பெரிய வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு, விற்றவன் தன் விருப்பப்படிதான் விற்றான் என்று பின்னால் சொல்வது நேர்மையாகாது. இந்த முடிவைப் பாதி மன்னிக்கலாம்.

மூன்றாவது முடிவு 1995-இல் வந்த கடனுக்குப் பங்கு திட்டம். யோசனை வங்கி உரிமையாளர் விளாதிமிர் பத்தானினுடையது. அதை அரசின் கொள்கையாக்கி நடத்தியவர் அப்போது முதல் துணைப் பிரதமராக இருந்த சுபைஸ். வங்கிகள் அரசுக்குக் கடன் தரும். அரசு தன் மிகச் சிறந்த நிறுவனங்களின் பங்குகளை அடமானம் வைக்கும். 1996 செப்டம்பருக்குள் கடன் திரும்பாவிட்டால் வங்கிகள் பங்குகளை விற்றுக்கொள்ளலாம். திருப்பித் தரப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கப்படவில்லை. மீட்பு நடக்காது என்பது இரு தரப்புக்கும் தெரியும். கடன் என்பது வெறும் பெயர், நடந்தது விற்பனை. நோரில்ஸ்க் நிக்கல் நிறுவனத்தின் 38 சதவீதப் பங்குக்கான ஏலத்தை நடத்தும் பொறுப்பு பத்தானினின் ஒனெக்சிம் வங்கியிடமே இருந்தது. போட்டி வங்கி ஒன்று 35.5 கோடி டாலர் தர முன்வந்தது. அந்த விண்ணப்பம் தகுதியற்றதென்று தள்ளப்பட்டது. தொடக்க விலையை மயிரிழையில் தாண்டிய 17.01 கோடி டாலருக்குப் பங்குகள் ஒனெக்சிம் பக்கமே போயின. யூக்கோஸ் எண்ணெய் நிறுவனத்தின் 45 சதவீதம் 15.9 கோடி டாலருக்கு மெனாடெப் வங்கியின் பக்கம் சேர்ந்தது. அந்த ஏலத்தைக் கவனித்ததும் மெனாடெப்தான். சிப்நெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தின் 51 சதவீதம் 10.03 கோடி டாலருக்குப் போனது. இந்த ஏலத்தில் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டார்கள் என்பதைப் பிற்காலத்தில் லண்டன் நீதிமன்றத்தில், வாங்கியவர்களில் ஒருவரான ரோமன் அப்ரமோவிச்சின் வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார்.

இங்கே மூன்று கேள்விகளுமே எதிராக நிற்கின்றன. மாற்று வழி இருந்தது: இந்த நிறுவனங்கள் அரசின் கையில் உறுதியாகவே இருந்தன; விற்காமல் வைத்திருக்கலாம், அல்லது கூடுதல் விலை கேட்டவருக்கே கொடுத்திருக்கலாம். உண்மை சொல்லப்படவில்லை: திட்டத்தின் பெயரே உண்மையை மறைத்தது. ஆதாயமோ கண்கூடு. பங்குகள் கைமாறும் நாள் 1996 ஜூன், ஜூலையில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பிந்தையதாக அமைந்தது. யெல்ட்சின் தோற்றால் வங்கிகளின் பிடி நழுவும், வென்றால் உறுதியாகும். ஆகவே அவரை வெல்லவைப்பது வாங்கியவர்களின் சொந்தக் காரியமாயிற்று. அந்தத் தேர்தலில் யெல்ட்சினின் பரப்புரையை முன்னின்று நடத்தியவர் சுபைஸ். அதே மாதங்களில் ஆசிரியருக்கும் சுரங்கத் தொழிலாளருக்கும் ஓய்வூதியருக்கும் பணம் நிலுவையில் கிடந்தது. இந்த ஏலங்களில் வந்ததும் கருவூலத்தின் தேவைக்கு முன் சொற்பத் தொகையே. மக்களின் சொத்தைக் காக்க அமர்த்தப்பட்ட அறங்காவலர், அதை வைத்துத் தம் தரப்பின் வெற்றியை வாங்கினார். தமக்கென்று ஒரு காசும் எடுக்காதிருந்தாலும் அது நம்பிக்கை மோசமே.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் மிகக் கனமான வாதம் கம்யூனிஸ்ட் கட்சியின் மீள்வரவு. 1995 டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அக்கட்சி முதலிடம் பிடித்தது. யெல்ட்சினின் செல்வாக்கு அதலபாதாளத்தில் இருந்தது. எழுபதாண்டு ஒடுக்குமுறையின் நினைவு பழையதாகிவிடாத நாட்டில் அந்த அச்சத்தைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. விலை முக்கியமல்ல, விற்கப்பட்ட ஒவ்வோர் ஆலையும் கம்யூனிசத்தின் சவப்பெட்டிக்கு ஓர் ஆணி என்ற பொருளில் சுபைஸே பின்னாளில் பேசியிருக்கிறார். ஆனால் லித்துவேனியாவில் 1992-இலும், போலந்தில் 1993-இலும், ஹங்கேரியில் 1994-இலும் முன்னாள் கம்யூனிஸ்டுகள் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தார்கள். சந்தையும் தேர்தலும் அங்கே அழியவில்லை. ரஷ்யக் கம்யூனிஸ்ட் தலைவர் ஜுகானோவின் கட்சி அவர்களைப் போல மாறியிருக்கவில்லை என்பது மெய்தான். ஆபத்து கூடுதலாகவே இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டாலும், மக்கள் தவறாகத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் அவர்களுடைய தேர்வின் பொருளை முன்கூட்டியே பறித்துவைப்பவர், தாம் காப்பதாகச் சொல்லும் மக்களாட்சியைத் தாமே ஒரு சடங்காக்கிவிடுகிறார். இரண்டாம் சுற்றில் யெல்ட்சின் ஏறத்தாழ 54 சதவீதம் பெற்று வென்றார். பணமும் தொலைக்காட்சியும் இருந்தால் தேர்தலை வாங்கலாம் என்ற பாடத்தை, அதற்குப் பின் வந்தவர்கள் மறக்கவில்லை.

இன்னொரு வாதம் விளைவைப் பற்றியது. வாங்கியவர்கள் நலிந்துகிடந்த நிறுவனங்களைச் சீரமைத்தார்கள், எண்ணெய் உற்பத்தி உயர்ந்தது, நாளை பறிபோகக்கூடிய சொத்துக்கு அன்று அதிக விலை கிடைத்திருக்காது என்பார்கள். இதில் உண்மை உண்டு. சிப்நெஃப்ட்டின் ஏறத்தாழ 73 சதவீதத்தை 2005-இல் அரசு நிறுவனமான காஸ்ப்ரோம் சுமார் 1,310 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்த வேறுபாடு முழுவதையும் மோசடி என்று கணக்கிடுவது நியாயமல்ல, இடையில் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியிருந்தது. ஆனால் அரசியல் ஆபத்துதான் விலையைக் குறைத்தது என்றால், அதே ஆபத்தைத் தெரிந்துகொண்டே இருமடங்குக்கு மேல் கொடுக்க வந்தவரை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்? மேலும், நிலத்தை நன்றாக உழுதவன் என்பதனால் அதை அவன் பெற்ற விதம் சரியாகிவிடாது. திறமைக்குரிய கூலி வேறு, சொத்துக்குரிய உரிமை வேறு.

எல்லாவற்றையும்விட, திரும்பிப் போக முடியாத நிலையை உண்டாக்கவே இந்த விலை கொடுக்கப்பட்டது என்ற அடிப்படை வாதத்தையே வரலாறு பொய்யாக்கிவிட்டது. சொத்துரிமை என்பது உரிமையாளரின் பத்திரத்தில் மட்டும் இருப்பதில்லை. சொத்து இல்லாதவர்கள் அதை நியாயமானது என்று ஏற்றுக்கொள்வதில்தான் அதன் பலம் இருக்கிறது. அந்த ஏற்பு ரஷ்யாவில் ஒருபோதும் உண்டாகவில்லை. 2003 அக்டோபரில் மெனாடெப் வழியே யூக்கோஸைப் பெற்ற மிகாயில் கோதர்கோவ்ஸ்கி கைதானபோது, அவர் எப்படி அந்த நிறுவனத்தைப் பெற்றார் என்பதை அறிந்திருந்த மக்களில் பெரும்பாலோர் அவருக்காகக் கண்ணீர் விடவில்லை. அவருடைய நிறுவனத்தின் முதன்மைப் பகுதி 2004 டிசம்பரில், பெயர் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் வழியே அரசின் ரோஸ்நெஃப்ட்டிடம் போய்ச் சேர்ந்தது. அதுவும் ஓர் ஏலம்தான், முன்னதைப் போன்றே. இந்த அநீதிக்குப் பொறுப்பு அதைச் செய்த ஆட்சியுடையது. அதைச் சுபைஸ் தலையில் கட்டுவது முறையல்ல. ஆனால் களங்கமுள்ள உரிமையாளர் எப்போதும் ஆள்பவரின் கைதியாக இருப்பார் என்பதற்கு வழி திறந்துவைத்தது 1995. மின்துறையிலும் பிறகு அரசின் நானோ தொழில்நுட்ப நிறுவனமான ரோஸ்நானோவிலும் நீண்ட காலம் பதவி வகித்த சுபைஸ், 2022 மார்ச்சில் நாட்டைவிட்டே வெளியேறினார். கம்யூனிசம் திரும்பவில்லை, அவர் கட்ட விரும்பிய சுதந்திரச் சந்தையும் வரவில்லை.

பழுதைச் சரிசெய்ய வழியே இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் முந்தைய ஆட்சி மலிவாக விற்ற மின், நீர் முதலான நிறுவனங்கள் மீது 1997-இல் லேபர் அரசு ஒரே ஒருமுறை வரி விதித்து, 520 கோடி பவுண்டு திரட்டி, அதைப் பெரும்பாலும் வேலையற்றோருக்கான திட்டங்களில் செலவிட்டது. எவருடைய சொத்தும் பறிக்கப்படவில்லை, வழக்கும் ஓய்ந்தது. ரஷ்யாவிலும் இத்தகைய வரியால் சொத்துக்கு நியாயம் தேடலாம் என்று, தொடக்கம் முதலே இந்த முறையை எதிர்த்துவந்த பொருளியலாளர் கிரிகோரி யாவ்லின்ஸ்கி கூறினார், ஆண்டவர்கள் செவிசாய்க்கவில்லை. நெருக்கடியில் ஆட்சிக்கு வரும் எந்தச் சீர்திருத்தக்காரரும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். விரைவாகச் செய்யலாம், வலிக்கும்படியும் செய்ய நேரலாம், பிழைகூடச் செய்யலாம், பின்னர் திருத்திக்கொள்ள இடமிருந்தால். பொதுச்சொத்தை மறைவாகத் தம் ஆதரவாளருக்குக் கொடுத்துவிட்டு, அதை யாரும் திருத்தக் கூடாதென்று கதவைப் பூட்டுவது மட்டும் எந்த அவசரத்தாலும் நியாயமாகாது. தாம் செய்தது சரியென்று நம்புகிறவர் அதை மக்கள் மறுபடி எடைபோட இடம்விட வேண்டும். அந்தத் துணிவு இல்லாத சீர்திருத்தம் மக்களுடையதாக ஆவதே இல்லை.